ஒரு பூச்சுச் சுண்ணாம்பு

இலந்தைக் கிளையில் இலையைவிட முள் அதிகம். அஸ்மத் ஒவ்வொரு கொத்தாக உருவி, கொதிக்கிற அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"பாத்து உருவு. மையத்துக் குளிப்பாட்டுற தண்ணியில முள்ளு வுழுந்துடப் போவுது" என்றாள் சபுரா மாமி.

"வுழாது மாமி."

"உங்கும்மா என்ன பண்றா?"

"வாப்பா பக்கத்துல உக்காந்திருக்காங்க."

"உக்காந்துதான் இருக்கா. அழுவவும் இல்ல, பேசவும் இல்ல. செவுத்துல மாட்டுன கடியாரம்கூட டிக்கு டிக்குங்குது."

சபுரா மாமி, இறந்துபோன வாப்பாவின் அக்கா. காலையிலிருந்து அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. ஆனாலும் அடுப்புக்கு விறகு தள்ளுவதிலிருந்து வாசலில் பாய் விரிப்பது வரை எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தது. இப்போது அவள் அஸ்மத்தின் பக்கத்தில் குனிந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"கபன் துணி கட்டுறதுக்கு முன்னால அவ ஒரு வார்த்த சொல்லணும். நீங்க செஞ்சதப் பொறுத்துக்கிட்டேன்னு. பொண்டாட்டி பொறுக்காத ஆம்பளைய கபருக் குழி நெருக்கும்பாங்க. என் தம்பி நெருக்கத்துல கெடக்கணுமா? நீதான் சொல்ல வெக்கணும். நீ சொன்னாத்தான் அவ கேப்பா."

அஸ்மத் தலையாட்டினாள். புகை கண்ணில் பட்டது.

எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று மாமி சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. முதுநகரில் அந்தத் தெருவில் எல்லோருக்கும் அது தெரியும்.

அஸ்மத்துக்கு முன்னால் மலிகா என்று ஒரு பெண் பிறந்து, ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது அஸ்மத் தவழ்கிற குழந்தை. மலிகாவை யாரும் போட்டோ எடுத்து வைக்கவில்லை. பிள்ளையை அடக்கிவிட்டு வந்த பிறகு உம்மா சோறு தண்ணீர் இல்லாமல் கிணற்றடிச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். பிறகு ஒருநாள் அடுப்புக்கரியை எடுத்து அந்தச் சுவரில் வரைய ஆரம்பித்தாளாம். பிள்ளையை வரையவில்லை. பிள்ளை வளர்த்தது, பார்த்தது எல்லாவற்றையும் வரைந்தாள். காது கிழிந்த ஆட்டுக்குட்டி, ஒரு கால் நொண்டுகிற வாத்து, அதன் குஞ்சுகள், கொய்யாவைக் கடித்துப் போடும் அணில், வேலியில் படர்ந்த சங்குப்பூக்கொடி, பிள்ளை பறித்து உறிஞ்சுகிற தும்பைப்பூ. கரி போதாமல் மஞ்சளைக் குழைத்தாள். அவுரி இலையை அரைத்தாள். பசலைப்பழத்தைப் பிழிந்தாள். தெருப் பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார்கள் என்று மாமி ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஏன் என்று அஸ்மத் கேட்டதற்கு, "அது பாத்தாத்தான் தெரியும்" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்த ஒரு பெரியவர் கிணற்றடியில் கை கழுவப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டார். உயிருள்ளதை எழுதி வைத்த வீட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டார்கள் என்று வாப்பாவிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. இரக்கமாகத்தான் சொன்னார். வாப்பா பயந்துபோனார். அந்த வாரம் உம்மா சிதம்பரத்தில் தன் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கிணற்றடிச் சுவர் வெள்ளையாக இருந்தது.

உம்மா சத்தம் போடவில்லை. கேள்விகூடக் கேட்கவில்லை. அன்றைக்கு நிறுத்தியதுதான், அதற்குப் பிறகு வாப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

பேசாமல் குடித்தனம் நடந்தது. அஸ்மத்துக்குப் பேச்சு வந்ததும் அவளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். "வாப்பாவக் குளிக்கச் சொல்லு, வெந்நி ஆறுது." "உங்கும்மாவ இன்னும் ரெண்டு கரண்டி கொழம்பு ஊத்தச் சொல்லு." பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் வீட்டிலிருந்த கறுப்பு ஆடு அந்த வேலையைச் செய்தது. வாப்பா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை பார்க்கிறவர். உடம்பெல்லாம் தொலித் தூசியோடு வருவார். "கறுப்பி, தூசியோட உள்ள வரவேணாம்னு சொல்லு" என்று உம்மா ஆட்டிடம் சொல்லுவாள். "கறுப்பி, ஒதறிட்டேன்னு சொல்லு" என்பார் அவர். பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பாள். "ஏன் மாமா, அது பாட்டுக்கு ஒருநாளு மாத்திச் சொல்லிடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

உம்மா வரைவதை விட்டுவிடவில்லை. கல்யாணப் பெண்களின் கைகளுக்கு மருதாணி வைக்க அவளைத்தான் கூப்பிடுவார்கள். இலை, கொடி, மொட்டு என்று உள்ளங்கையில் ஒரு தோட்டமே போடுவாள். "ஒரு கிளி போடுங்க ராத்தா" என்று யாராவது கேட்டால், "கிளி எனக்கு வராது" என்பாள்.

"தண்ணி ஆயிடுச்சா?" என்று வெளியிலிருந்து அப்துல் ஹக் சாச்சா கேட்டார். வாப்பாவின் தம்பி. "அசர் தொழுகைக்கு முன்னால எடுத்துடணும். வெயிலு ஜாஸ்தியா இருக்கு."

"ஆயிடுச்சு சாச்சா."

ஆண்கள் அண்டாவைத் தூக்கிப் போனார்கள். கிணற்றடியில் நான்கு பக்கமும் வேட்டி கட்டி மறைத்திருந்தார்கள். ஒரு பக்கத்துக்குச் சுவரே மறைப்பு. வாப்பாவைப் பலகையில் படுக்க வைத்துத் தூக்கிப்போவதை அஸ்மத் அடுப்படியில் நின்று பார்த்தாள். இன்று விடிந்தபோது அவர் உயிரோடு இருந்தார் என்பதை நம்ப முடியவில்லை.

அவர் முந்தாநாள்தான் சிதம்பரத்தில் அவள் புகுந்த வீட்டுக்கு வந்திருந்தார். பை நிறைய மல்லாட்டை. மருமகனோடு கீழவீதியில் நடந்துவிட்டு வந்தார். நேற்றுச் சாயங்காலம் கொல்லைப்படியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டே, "அஸ்மத்து, உங்கும்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். நீ அடுத்த தடவ ஊருக்கு வரப்ப கேட்டுச் சொல்லேன்" என்றார்.

அவளுக்கு அன்றைக்கு என்னவோ சலிப்பாக இருந்தது. "நான்தான் கல்யாணமாயி வந்துட்டேனே வாப்பா. இன்னும் எத்தன நாளு நடுவுல நிப்பேன்? நீங்களே கேளுங்க. இல்லாட்டி கறுப்பிய வுட்டுக் கேளுங்க."

அவர் சிரித்தார். "அதுக்கும் வயசாயிடுச்சு" என்றார். பிறகு மல்லாட்டைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். விடியற்காலைத் தொழுகை முடித்து உட்கார்ந்தவர் டீ கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் தலை தோளில் சரிந்திருந்தது.

பிளஷர் கார் பிடித்துக் கொண்டுவந்தார்கள். அவர் தலை அவள் மடியில். ஆலப்பாக்கம் கேட்டு சாத்தியிருந்தது. கூட்ஸ் வண்டி போகும்வரை நிற்க வேண்டியிருந்தது. கொடுக்காப்புளி விற்கிற ஒரு பெண் காருக்குள் எட்டிப் பார்த்து, "அப்பாவுக்கு ஒடம்பு சொகமில்லியா கண்ணு? நல்லாத் தூங்கட்டும்" என்று சொல்லி, சத்தம் போட்டு விற்காமல் நகர்ந்துபோனாள். அந்தக் கேட்டில் நின்றபோதுதான் அஸ்மத்துக்கு அழுகை வந்தது. என்ன கேட்க வேண்டும் என்றாவது கேட்டு வைத்திருக்கலாம்.

குளிப்பாட்டி முடித்து, வாப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். கொல்லையில் யாரும் இல்லை. ஈரத் துணிகளையும் செம்பையும் எடுத்து வைக்க அஸ்மத் கிணற்றடிக்குப் போனாள். மண் சொதசொதவென்று இருந்தது. இலந்தை இலையும் கற்பூரமும் கலந்த வாசம். குனிந்து செம்பை எடுத்தவள் நிமிர்ந்தபோது, சுவரில் ஒரு கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆட்டின் கண். கிழிந்த காது. கழுத்து.

ஆண்கள் மொண்டு ஊற்றிய தண்ணீர் சுவரில் தெறித்து, நனைந்த இடமெல்லாம் சுண்ணாம்பு கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. அதற்குள்ளிருந்து கரிக்கோடுகள் மேலே வந்திருந்தன. அஸ்மத் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கையால் அள்ளி இறைத்தாள். வாத்து வந்தது. இன்னொரு கை இறைத்தாள். அணில், கொடி, நீலம் மங்கிய சங்குப்பூ. வாத்துக்குஞ்சுகள் ரத்தச் சிவப்பாக இருந்தன. தும்பைச்செடி ஒன்று, யாரோ அப்போதுதான் பூவைப் பறித்துவிட்டுக் கையை எடுத்தது போல வளைந்திருந்தது.

எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆடு தலையைத் தூக்கி, வாத்து கழுத்தை நீட்டி, அணில் கொய்யாவை விட்டுவிட்டு. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை. வெறும் சுவர். ஒரு ஆறு வயதுப் பிள்ளை நின்றால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு வெறும் சுவர்.

தெருப் பெண்கள் ஏன் பேசாமல் போனார்கள் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. நோன்புக்கு முன்னால் வருஷா வருஷம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சிங்காரம் வருவார். "அந்தச் செவுத்துல மட்டும் கை வெக்காதப்பா. ஓதம் காக்குது, சுண்ணாம்பு நிக்காது" என்பார் வாப்பா. அதனால் அந்தச் சுவரில் அன்றைக்கு வாப்பாவே அடித்த ஒரு பூச்சுக்கு மேல் எதுவும் ஏறவில்லை. ஐப்பசி மழையில் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் நிற்பார். அஸ்மத் கூடப் போனால், "பாசி வழுக்கும், உள்ள போ" என்று விரட்டுவார். கிணறு நிரம்புகிறதா என்று பார்க்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அவள் உள்ளே ஓடினாள்.

உம்மா உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைப் புடவை கட்டிவிட்டிருந்தார்கள். கபன் துணி விரித்து வாப்பாவை நடுவில் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் கூடத்தில் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள்.

"உம்மா, கெணத்தடியில வந்து பாருங்க. அந்தச் செவுத்துல..."

"நனஞ்சாத் தெரியும்" என்றாள் உம்மா.

அஸ்மத் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மொத மழையிலேயே தெரியும்." உம்மாவின் குரல் கரகரத்திருந்தது. "மழ வந்தா கொடைய எடுத்துக்கிட்டுப் போவாரு. நான் அடுப்படி ஜன்னல்ல நின்னு பாப்பேன். முதுகுதான் தெரியும். அவரு மண்டிக்குப் போனப்புறம் நான் போயிப் பாப்பேன்."

"வாத்துக்குஞ்சு செவப்பா இருக்கு."

"மஞ்சள்லதான் போட்டேன். சுண்ணாம்பு பட்டுச் செவந்துடுச்சு."

கூடத்தில் ஓதல் நின்று, மறுபடி தொடங்கியது.

"ஒருக்கா திரும்பிப் பாத்து, வா ஜெய்னபுன்னு கூப்புட்டிருந்தா போயிருப்பேன்" என்றாள் உம்மா. "பெத்தவ உள்ள நிக்கிறேன். தனியாவே பாத்துட்டு, கண்ணத் தொடச்சுக்கிட்டு வருவாரு. மழத்தண்ணின்னு நெனச்சுக்குவேன்னு அவுருக்கு நெனப்பு."

"நீங்களே போயிருக்கலாமே உம்மா."

உம்மா புடவை முந்தியை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"வூட்ல கொட ஒண்ணுதானேடி இருந்துச்சு" என்றாள்.

அஸ்மத்துக்கு அந்தப் பதிலின் மேல் கோபப்படவும் முடியவில்லை. வாயைத் திறந்தாள். காரில் வரும்போதெல்லாம் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது வெளியே வந்துவிட்டது.

"நேத்து வாப்பா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னாரு."

உம்மா நிமிர்ந்தாள். "என்ன?"

"தெரியாது. என்னியக் கேட்டுச் சொல்லச் சொன்னாரு. நான்தான்... நீங்களே கேளுங்கன்னு சொல்லிட்டேன்."

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றாள் உம்மா. அவள் கை அஸ்மத்தின் விரலைப் பிடித்து, முள் குத்திய இடத்தைத் தடவியது.

வாசலில் சாச்சாவின் குரல் கேட்டது. தெருவில் நின்றவர்களைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் கிபாயத்துல்லா தெரிஞ்சோ தெரியாமலோ யாரு மனசாவது நோவடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்குங்க." பல குரல்கள் ஒன்றாக, "பொறுத்துக்கிட்டோம், பொறுத்துக்கிட்டோம்" என்றன. மண்டியில் மூட்டை தூக்குகிற ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவர் குரல் உடைந்து, "நாங்க பொறுக்க அவுரு என்னத்த செஞ்சாரு" என்றார்.

சபுரா மாமி உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால் பெண்கள். விருத்தாம்பாள் வாசற்படியிலேயே நின்றுகொண்டாள்.

"கடைசியா மொகத்தப் பாக்குறவங்க பாத்துக்குங்க. கட்டப் போறாங்க." மாமி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உம்மாவைப் பார்த்தாள். "ஜெய்னபு, தெருவே சொல்லிடுச்சு. நீ சொல்லு. ஊருல உள்ளவன் சொல்லி என்ன, நீ சொல்றதுதான் அவனுக்குச் சேரும்."

உம்மா எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது போலிருக்கிறது, அஸ்மத்தின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். இரண்டடி வந்து, வாப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். நெற்றியில் ஒரு இலந்தை இலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. அதை எடுத்தாள்.

"சொல்லு" என்றாள் மாமி. "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க? அவன் போறாண்டி."

சொல்லுங்க உம்மா, சொல்லுங்க என்று அஸ்மத் மனதுக்குள் கெஞ்சினாள்.

உம்மா குனிந்தாள். முகத்துக்கு நேராகக் குனிந்து, அவர் மூடிய கண்களைப் பார்த்துப் பேசினாள்.

"என்னமோ கேக்கணும்னீங்களாமே" என்றாள். "கேளுங்க."

ஓதிக்கொண்டிருந்த பெண் கிதாபில் விரலை வைத்தபடி நிறுத்திவிட்டாள். உம்மா காத்திருந்தாள். காது கேட்காதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல, தலையைக் கொஞ்சம் சாய்த்து, நிஜமாகவே காத்திருந்தாள். கடியாரம் ஓடுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"கேளுங்க" என்றாள் மறுபடி, மெதுவாக. "நான் இங்கதான் இருக்கேன்."

சபுரா மாமிக்குப் பொறுக்கவில்லை. "இதென்னடி பேச்சு? பொறுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா. அதச் சொன்னாத்தான்..."

"சொல்லிட்டாங்க மாமி" என்றாள் அஸ்மத்.

"எங்க சொன்னா? என் காதுல வுழலியே."

"எனக்குக் கேட்டுச்சு. சொல்லிட்டாங்க. கட்டச் சொல்லுங்க."

மாமி அவளைப் பார்த்தாள். பிறகு உம்மாவைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். வாசற்படியில் நின்ற விருத்தாம்பாள் திரும்பிச் சுவரில் முகத்தை வைத்து அழுதாள்.

சாச்சாவும் மற்றவர்களும் உள்ளே வந்து கபனைக் கட்டினார்கள். சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். கலிமா சொல்லும் குரல்கள் தெருவில் இறங்கி, பள்ளிவாசல் பக்கமாகத் திரும்பி, தேய்ந்து தேய்ந்து போயின. யாரும் இல்லாத அறையின் நடுவில் பாய் மட்டும் கிடந்தது.

தூக்கியவர்கள் கிணற்றடிச் சேற்றில் நின்ற காலோடு வந்திருந்தார்கள். உள்ளறையிலிருந்து கூடம் தாண்டி வாசல்வரை, சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடங்கள் போயிருந்தன. அகலமான பாதங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக.

சபுரா மாமி விளக்குமாற்றையும் ஒரு வாளித் தண்ணீரையும் எடுத்து வந்தாள். எதையாவது செய்யாமல் அவளால் இருக்க முடியவில்லை.

"வேணாம் மச்சி" என்றாள் உம்மா. "வுடுங்க. தானா காயட்டும்."

மாமி விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு, உம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அஸ்மத் தடங்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்துபோய் வாசல் கதவை ஒருக்களித்து வைத்தாள். வெயில் ஒரு பட்டையாகத் தரையில் விழுந்தது. பட்டை விழுந்த இடத்தில் குதிகால்கள் முதலில் காய்ந்தன. விரல்கள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தன.